வெள்ளைக்காரன் சட்டமும் மேசனின் பின்வளவும்

"அந்தப் பழைய சட்டங்கள வெச்சிக்கிட்டு எப்பிடி சேர் இவ்வளவு காலம் வேல செஞ்சீங்க?" என்று றிஸ்வான் கேட்டார். அவர் இப்போது எங்கள் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். நான் ஓய்வு பெற்றபோது எழுந்து வந்த நாற்காலியில் இருப்பவர். சுகாதாரச் சட்டங்களைப் புதிதாக எழுதப் போகிறார்கள் என்றொரு பேச்சு அடிபடுகிறது. அதை முன்னிட்டு இளம் பரிசோதகர்கள் சேர்ந்து ஒரு சிறு மலர் போடுகிறார்கள். அதற்கு நானும் ஏதாவது எழுத வேண்டுமாம்.

"சந்தோஷமாத்தான் செஞ்சன்" என்றேன்.

றிஸ்வான் சிரித்தார். நான் பகிடி விடுவதாக நினைத்திருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் உத்தியோகத்தைச் சந்தோஷத்தோடு சேர்த்துப் பேசுகிறவர்கள் கல்முனையில் குறைவு. என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் தேத்தண்ணிக் கடைகளில் வடைத் தட்டுகளுக்கு மூடி முளைக்கும். இறைச்சிக் கடைக்காரர் திடீரென்று வெள்ளைத் துணியைத் தேடுவார். கலியாண வீட்டில் நான் சாப்பிட உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர் தன் கையை இன்னொரு முறை கழுவிக்கொண்டு வருவார். ஆனாலும் நான் சொன்னது உண்மை. அதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

எங்களிடம் இருந்த சட்டங்களில் பெரும்பகுதி வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் எழுதப்பட்டவை. வீட்டுக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, மையவாடிக்கு ஒன்று. ஒரு மனிதன் பிறக்கிற அறையில் யன்னல் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், அவன் தின்கிற பாணை எங்கே சுட வேண்டும், கடைசியில் அவனை எங்கே அடக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் எங்கேயோ இருந்த ஒரு துரை யோசித்து எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். நாங்கள் களுத்துறையில் பயிற்சி பெற்றபோது அதையெல்லாம் மனப்பாடம் செய்தோம். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மழையையும் சிங்களத்தையும் சட்டத்தையும் ஒன்றாகக் கற்றுக்கொண்டேன். ஊருக்குத் திரும்பியபோது பிரிவுகளின் இலக்கங்கள் எல்லாம் வாயில் இருந்தன. அவை எதற்காக எழுதப்பட்டன என்று மட்டும் தெரியாது.

அதைக் கற்றுத் தந்தவர் டொக்டர் தங்கராசா. காரைதீவுக்காரர், எங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியாக நீண்ட காலம் இருந்தார். மெலிந்த மனிதர். வெள்ளைச் சேட்டு, கையில் குடை. எங்கள் சுகாதாரக் கந்தோரில் வாகனம் இருந்தும் ஒழுங்கைகளுக்குள் நடந்துதான் போவார். ஒரு வீட்டைப் பரிசோதிக்கப் போனால் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, முதலில் வீட்டுப் பெண்ணிடம் கேட்பது ஒரே கேள்விதான். "எங்க பிள்ள, இந்த வீட்டுக்கு வெயில் எங்கால வாற?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு அறைக்கும் போவார். விளக்கை அணைக்கச் சொல்வார். நடுவில் நின்று, கண் பழகும்வரை பேசாமல் இருப்பார். பிறகு உள்ளங்கையை விரித்து முகத்துக்கு நேரே பிடிப்பார். ரேகை தெரிந்தால் அந்த அறை தப்பியது. தெரியாவிட்டால்தான் அளவு நாடாவை வெளியே எடுக்கச் சொல்வார். நாடா சொல்கிற கணக்கும் அவருடைய கை சொல்கிற கணக்கும் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

சட்டத்தை எழுதிய துரையைப் பற்றி அவர், பக்கத்து ஊரில் இருக்கிற ஒரு சிடுமூஞ்சிச் சொந்தக்காரரைப் போலத்தான் பேசுவார். ஆங்கிலத்தில் ஒரு பிரிவை மெல்ல வாசித்துவிட்டு, "இந்த ஆள் என்ன சொல்றார் எண்டா" என்று தமிழில் தொடங்குவார். ஒருநாள் என்னிடம் சொன்னார்:

"வீட்டுச் சட்டம் எப்ப வந்த எண்டு தெரியுமா தம்பி? கொழும்புக்குள்ள பிளேக் வந்து, எலியும் சனமும் சேந்து செத்த காலத்துக்குப் பிறகு. எழுதின ஆள் நல்லாப் பயந்துபோய்த்தான் எழுதியிரிக்கார். நாங்க அந்த எழுத்தப் பிடிச்சித் தொங்கப்படாது. அவர் எதுக்குப் பயந்தார் எண்டு பாக்கணும். அந்தப் பயம் இஞ்சயும் இரிக்கிதா எண்டு பாக்கணும்."

அவர் இதை எப்படிச் செய்வார் என்பதை முதன்முதலில் ஒரு பேக்கரியில் கண்டேன். மாவு பிசைகிற இடத்தில் யாரும் படுத்துறங்கக்கூடாது என்பது பேக்கரிகளுக்கான பழைய விதி. அன்று காலை நானும் அவரும் சொல்லாமல் போய் இறங்கினோம். முதலாளி எங்களைக் கண்டதும் வெலவெலத்துப் போனார். காரணம் உள்ளே இருந்தது. நீளமான மாப்பலகையின் மேல், போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு, முதலாளியின் மாமனார் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பாண் சுடுகிற போறணையின் சூட்டுக்கு அந்தப் பலகை இதமாக இருக்கும்.

நான் பேனையை எடுத்தேன். டொக்டர் என் கையைத் தொட்டு நிறுத்தினார். அங்கே கிடந்த மா மூட்டையொன்றின் மேல் குடையைச் சாய்த்துவிட்டு, அவரும் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

முதலாளி மெல்ல, "மாமாவ எழுப்பட்டா டொக்டர்?" என்றார்.

"வேணாம். வயசாளி. நித்திரயக் குழப்பினா நாள் முழுக்கத் தலையிடிக்கும்" என்றார் டொக்டர்.

கொஞ்ச நேரத்தில் மாமனார் தானாக விழித்தார். தலைமாட்டில் சுகாதார வைத்திய அதிகாரி மா மூட்டையில் அமர்ந்திருப்பதைப் பார்த்தார். சாரனைச் சரிசெய்துகொண்டு பலகையைவிட்டு இறங்கிய வேகத்துக்கு அவர் வயசாளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

டொக்டர் எழுந்துபோய் அந்தப் பலகையைத் தடவிப் பார்த்தார். "நல்ல இடம்தான். எனக்கும் குளிர் காலத்தில படுக்க ஆசையாத்தான் இரிக்கும். ஆனா மாமா, நீங்க படுத்தெழும்பின பலகையில பிசைஞ்ச பாண நீங்க தின்னுவீங்களா?"

மாமனார் பலகையைப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். "நான் படுத்த பலகை எண்டா தின்னுவன். இவன் படுத்த எண்டா தின்ன மாட்டன்" என்றார்.

பேக்கரி முழுக்கச் சிரித்தது. வழக்குப் போடவில்லை. திருத்துவதற்குத் தவணை கொடுத்தோம். அடுத்த முறை போனபோது போறணையின் பின்சுவரோடு ஒட்டி ஓர் அறை எழும்பியிருந்தது. சூடு சுவர் வழியாக அந்த அறைக்கும் வந்தது. மாமனார் அதற்குள் ஒரு கட்டிலில் ராசாவைப் போலக் கிடந்தார்.

மையவாடிச் சட்டம் எனக்குத் தந்த அனுபவம் வேறு மாதிரியானது. அலியாரப்பா என்றொரு பெரியவர் ஒருநாள் கந்தோருக்கு வந்து என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். வயற்காரர், சவளக்கடைப் பக்கம் அவருக்குக் காணி இருந்தது.

"தம்பி, ஒரு ஜனாஸா அடக்கிறதுக்கு அனுமதி வேணும்."

நான் கவலையோடு நிமிர்ந்தேன். "ஆர் அப்பா மௌத்து?"

"இன்னும் இல்ல. நான்தான். மௌத்தானப்புறம் நான் வந்து கேக்க ஏலாதே. அதான் இப்பவே வந்த."

அவருக்குத் தன் வளவில் நிற்கும் மாமரத்தின் கீழ் அடங்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட மையவாடி தவிர வேறெங்கும் அடக்கக்கூடாது என்று சட்டம் சொல்வதை எடுத்துச் சொன்னேன். அவர் அசையவில்லை. டொக்டரின் வழி ஞாபகம் வந்தது.

"கிணறு எங்க இரிக்கி அப்பா?" என்று கேட்டேன்.

"மாமரத்துக்குப் பக்கத்திலதான்."

"அந்தத் தண்ணியத்தானே பேரப்பிள்ளைகள் குடிக்கப் போறாங்க?"

அவர் யோசித்தார். பிறகு தாடி ஆடச் சிரித்தார். "உசிரோட இரிக்கக்குள்ள நான் சொன்ன ஒண்டையும் அவனுகள் கேக்கல்ல. மௌத்தானப்புறம் என்னக் குடிக்கப் போறானுகளா? சரி, வேணாம். அப்ப மையவாடிய ஒருக்காக் காட்டுங்க."

மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். மையவாடியில் இடம் ஒதுக்கி வைக்கிற வழக்கம் இல்லை என்று சொல்லியும் அவர் கேட்கவில்லை. ஒவ்வொரு கபுறுக்குப் பக்கத்திலும் நின்று பார்த்தார். "இவருக்குப் பக்கத்தில வேணாம். வாய்க்கால் தண்ணிய ராவோட ராவா அவர்ர வயலுக்குத் திருப்பின ஆள்" என்றார். இன்னோரிடத்தில், "இவன் கடைசி வரைக்கும் கதைச்சிக்கிட்டே இருப்பான்" என்றார். கடைசியில் தன்னோடு வேளாண்மை செய்த சிநேகிதர் ஒருவரின் பக்கத்தில் நின்று, மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்து, "ஓம், இஞ்ச காத்து வரும்" என்றார். அதற்குப் பிறகும் பல வருடங்கள் நன்றாக வாழ்ந்தார். சந்தையில் என்னைக் காணும்போதெல்லாம் தூரத்திலிருந்தே கையை ஆட்டி, "இன்னும் இல்ல தம்பி" என்பார். அவர் மௌத்தானபோது நானும் ஜனாஸாவுக்குப் போனேன். அவர் விரும்பிய இடத்துக்குச் சற்றுத் தள்ளித்தான் கிடைத்தது. காற்று அங்கேயும் வந்தது.

இனி மேசன் இஸ்மாலெப்பையின் வீட்டுக் கதை. என் சேவையில் என்னை மிகவும் யோசிக்க வைத்த விடயம் அதுதான்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். இங்கே கலியாணம் முடித்த பெண் தாயின் வளவிலேயே இருப்பாள். மாப்பிள்ளைதான் வீடு மாறி வருவார். பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பது பெற்றவர்களின் பொறுப்பு. இரண்டு பெண் பிறந்தால் வளவு இரண்டாகும். நாலு பிறந்தால் நாலாகும். கடல் பொங்கி வந்த அழிவுக்குப் பிறகு கரையோரத்தில் இருந்தவர்களும் மேற்கே வயல் பக்கமாக நகர்ந்தார்கள். வளவுகள் இன்னும் சுருங்கின. கூரையோடு கூரை முட்டிக்கொண்டு நிற்கிற ஒழுங்கைகளில், பின்பக்கம் திறந்த வெளி விட வேண்டும் என்ற துரையின் சட்டத்தை வைத்துக்கொண்டு நான் நடந்தேன்.

இஸ்மாலெப்பைக்கு நாலும் பெண்கள். மூத்தவள் ஜெமீலா, அடுத்தவள் றஹீமா, மூன்றாமவள் நஜீமா. மூவருக்கும் அவர் தன் கையாலேயே வீடு கட்டிக் கொடுத்துவிட்டார். கடைசிப் பெண் பரீனாவுக்கு மாப்பிள்ளை பேசியாயிற்று. அட்டாளைச்சேனைப் பொடியன், ஆசிரியர், நல்ல குடும்பம். வயலில் வேளாண்மை வெட்டு முடிந்ததும் நிக்காஹ்.

நான் அங்கே போனது வீட்டைப் பார்க்க அல்ல. அந்த ஒழுங்கையில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் என்று தகவல் வந்தது. ஜெமீலாவின் சின்னப் பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்து, தேறிய பிறகு அப்போதுதான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கிணறு கிணறாகப் பார்த்துக்கொண்டு போனபோது, மற்ற மூன்று வீடுகளுக்கும் நடுவில் செருகினாற்போல நாலாவது வீடு எழும்பி நிற்பதைக் கண்டேன். சுவர் எழுந்து, கூரைச் சீற்றும் போட்டாயிற்று. வரைபடம் கொடுத்து அனுமதி எடுக்கவில்லை. பின்பக்கம் ஒரு ஆள் சாய்ந்து நடக்கிற அளவுதான் இடம். அந்த இடத்திலும் கக்கூசுக்குக் குழி வெட்டியிருந்தார்கள். குழிக்கு அந்தப் பக்கம் கிணறு.

கிணற்றைப் பார்த்ததும் நான் நின்றுவிட்டேன். அதன் வாய்க்கு நடுவால் ஒரு மதில் போனது. கிணறு பாதி ஜெமீலா வளவிலும் பாதி றஹீமா வளவிலும் இருந்தது. இரண்டு பேரும் அவரவர் பக்கத்திலிருந்து அள்ளுவார்கள். ஒருத்தியின் வாளி தண்ணீரில் விழுகிற சத்தம் மற்றவளுக்குக் கேட்கும். பேச்சுத்தான் இல்லை.

கட்டட வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தேன். இஸ்மாலெப்பை அதை வாங்கி வாசிக்காமலே மடித்தார்.

"சேர், இந்த ஊர்ல பாதி வீடு நான் கட்டின. பள்ளிவாசல்ட மினாரா கட்டினதிலயும் என்ட கை இரிக்கி. என்ட மகளுக்கு நான் ஒரு வீடு கட்டப்படாதா?"

"கட்டலாம் காக்கா" என்று அண்ணன் முறை வைத்தே சொன்னேன். "இப்பிடிக் கட்ட ஏலா. இந்த வீட்டுக்குச் சான்றிதழ் கிடைக்காது. சான்றிதழ் இல்லாட்டி கரண்டும் இல்ல."

"வீடு முடியாட்டி மாப்பிள்ள எங்க சேர் வந்து இரிக்கிற?"

வழக்குப் போட்டால் வெல்வேன் என்று எனக்குத் தெரியும். நீதிமன்றம் உடைக்கச் சொல்லும். அப்படி வெல்ல எனக்கு மனமில்லை. காலையில் போய் டொக்டரிடம் சொன்னேன். அவர் குடையை எடுத்தார்.

வழக்கம்போல் வாசலில் செருப்பைக் கழற்றினார். "வெயில் எங்கால வாற பிள்ள?" என்று பரீனாவைக் கேட்டார். அவள் தகப்பனைப் பார்த்தாள். டொக்டர் பின்னறைக்குப் போய் நின்று கையை விரித்தார்.

"என்ன டொக்டர் பாக்கிறயள்?" என்றார் இஸ்மாலெப்பை.

"கைரேகை பாக்கிறன். தெரியுதில்ல. உங்கட கையப் பிடிங்க பாப்பம்."

இஸ்மாலெப்பை தன் கையை விரித்துப் பார்த்தார். "இது சீமெந்து தின்ட கை டொக்டர். இதுல வெளிய நிண்டாலும் ரேகை தெரியா."

டொக்டரே முதலில் சிரித்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லோரும் கொஞ்சம் இலகுவாக மூச்சுவிட்டார்கள். நான் நாடாவைப் பிடித்து ஒவ்வொன்றாக அளந்தேன். குழிக்கும் கிணற்றுக்கும் இடையில், கூரை விளிம்புக்கும் மதிலுக்கும் இடையில், யன்னலின் அகலம், உயரம். எந்த அளவும் தேறவில்லை. டொக்டர் குழியின் ஓரத்தில் குந்தி ஒரு பிடி மண் எடுத்தார்.

"இது கடல் மண் மேசன். தண்ணி இதுக்குள்ள நிக்காது, நடக்கும். குழியில ஊத்துறது கொஞ்சம் கொஞ்சமா நடந்து கிணத்துக்கு வரும். ஏற்கெனவே மூண்டு வீட்டுக் குழியும் இந்தக் கிணத்தச் சுத்தித்தான் இரிக்கி. இது நாலாவது. உங்கட பேத்தி ஏன் ஆஸ்பத்திரியில கிடந்த எண்டு நினைக்கிறயள்?"

இஸ்மாலெப்பையின் முகம் மாறிவிட்டது. அதுவரை அது அவருக்குக் கந்தோர்க்காரர்களின் சட்டமாக மட்டுமே இருந்தது.

"இந்தக் கிணத்துக்கு நடுவால மதில் கட்டின ஆர்?" என்று டொக்டர் கேட்டார்.

"நான்தான்."

"ஏன்?"

இஸ்மாலெப்பையின் மனைவி ஆசியா உம்மாதான் கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னார். "முருங்க மரத்தால வந்த சண்ட டொக்டர். ஜெமீலாட மரத்து இலை, றஹீமா சமைக்கிற குசினிக்க விழுந்த. ரெண்டு பேரும் அழுதழுது மதில் கேட்டாளுகள். மரம் பட்டுப்போய்ட்டு. மதில் நிக்கிது."

டொக்டர் கவிழ்த்துக் கிடந்த சாந்துத் தாச்சியின் மேல் உட்கார்ந்தார். குடையின் நுனியால் மண்ணில் நாலு வீடு கீறினார். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு ஒடுங்கிய துண்டு. துண்டுகளுக்கு இடையில் மதில்கள். "தனித்தனியாப் பாத்தா ஒரு வீடும் சட்டத்துக்குச் சரிவராது. பரீனாட வீடு மட்டுமில்ல, ஒண்டும் சரிவராது" என்றார். பிறகு காலால் மதில்களை மட்டும் அழித்தார். பின்னால் இருந்த பழைய குசினிகளையும் அழித்தார். நாலு ஒடுங்கிய துண்டும் சேர்ந்து ஒரே முற்றமாகின. நடுவில் கிணறு. தூரத்து மூலையில் நாலு வீட்டுக்கும் சேர்த்து ஒரு குழி கீறினார்.

"இப்பிடி எண்டா நான் மாநகர சபைக்கு எழுதலாம். அவங்க கேப்பாங்க எண்டு நினைக்கிறன். உடைக்கிறதும் உடைக்காததும் உங்கட விருப்பம். உடைக்காட்டி இந்தத் தம்பி கோட்டுக்குப் போவார். அவர் போகத்தான் வேணும்."

குடையைத் தட்டி மண்ணை உதறிவிட்டு அவர் நடந்தார்.

அடுத்த சில நாட்கள் எனக்குப் பொல்லாத நாட்கள். ஜெமீலாவிடம் போனால், "மதில உடைச்சா நான்தான் தோத்த எண்டு ஊர் கதைக்கும்" என்பாள். றஹீமாவிடம் போனால், "ராத்தாட பக்கத்தால முதல்ல உடைக்கட்டும், நான் பாத்துக்கிட்டு இருக்கன்" என்பாள். நஜீமாவுக்கு எந்தப் பக்கமும் சரிதான். ஆனால் அவளை யாரும் கேட்கவில்லை. மருமகன்மார் மூவரும் என்னைக் கண்டால் தொழுகைக்கு நேரமாகிறது என்று நழுவுவார்கள். இஸ்மாலெப்பை வேலைக்குப் போகாமல், கூரை போட்ட அந்த வீட்டின் படியில் உட்கார்ந்திருந்தார். தவணை முடிந்துகொண்டு வந்தது.

ஒருநாள் பகல், கிணற்றுக்கு மருந்து போடப் போயிருந்தேன். ஜெமீலா தன் பக்கம் துணி கழுவிக்கொண்டிருந்தாள். மதிலுக்கு அப்பால் றஹீமாவின் வாளிச் சத்தம் கேட்டது. பரீனா வந்து மதிலின் முனையில், இரண்டு பேருக்கும் கேட்கிற இடமாகப் பார்த்து நின்றாள். அமைதியான பிள்ளை. அவள் குரலை அன்றுதான் நன்றாகக் கேட்டேன்.

"உம்மா, எனக்கு வீடு வேணாம்" என்றாள்.

ஆசியா உம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தார். "என்ன கா சொல்லுற?"

"வாப்பா இனி உடைக்கவும் வேணாம், கட்டவும் வேணாம். மாப்பிள்ள வீட்டுக்காரருக்குச் சொல்லி அனுப்புங்க. கலியாணம் முடிஞ்சா நான் அட்டாளைச்சேனைக்குப் போய் மாமிட வீட்டிலயே இரிக்கன்."

ஆசியா உம்மா தலையில் கை வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் ஊரில் ஒரு பெண் தாய்வீட்டை விட்டு மாமியார் வீட்டில் போய்க் குடியிருப்பது கேள்விப்படாத விடயம். பெற்றவர்களுக்கு வக்கில்லை என்றுதான் ஊர் சொல்லும்.

ஜெமீலா கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு எழுந்தாள். மதிலுக்கு அப்பால் வாளி விழுந்த சத்தம் கேட்டது. அடுத்த கணம் மதிலின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில், ஒரே வசனம் வந்தது.

"எங்கட தங்கச்சி மாமி வீட்டில போய் இரிக்கிறதா?"

சொல்லிவிட்டு இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். ஒருத்தியின் குரல் மற்றவளுக்கு நேராகக் கேட்டு எத்தனையோ காலம். பிறகு றஹீமாவின் பக்கமிருந்து சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் வந்த சிரிப்பு. ஜெமீலா முந்தானையால் வாயைப் பொத்தினாள். பொத்திய கைக்குள்ளாலேயே, "றஹீமா, ஒன்ட கோழிக்கூட்ட முதல்ல கழட்டு. கல்லு விழுந்தா குஞ்செல்லாம் செத்துப்போகும்" என்றாள்.

"கழட்டுறன் ராத்தா" என்றது மதில்.

பரீனா என்னைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை உண்மையிலேயே அட்டாளைச்சேனைக்குப் போயிருப்பாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவளிடம் கேட்கவும் இல்லை.

இஸ்மாலெப்பை படியிலிருந்து எழுந்து அலவாங்கை எடுத்து வந்தார். கிணற்றுக்குள் கல் விழாமல் இருக்க நாங்கள் முதலில் பலகைகளைப் போட்டு மூடினோம். அவர் ஓங்கிக் குத்தினார். மதில் அசையவில்லை. மறுபடியும் குத்தினார். ஒரு கல் கூடப் பெயரவில்லை.

"என்ன காக்கா?" என்றேன்.

"நான் கட்டின மதில் சேர். மட்டம் பாத்து, சீமெந்து கூட்டிப் போட்டுக் கட்டின. புள்ளைகளுக்குத்தானே எண்டு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டு மருமகன்மார் மூவரும் வந்தார்கள். அன்று அவர்களுக்குத் தொழுகை நேரம் நினைவுக்கு வரவில்லை. மூவரும் மாறி மாறிக் குத்தினார்கள். பின்னேரம், அஸர் தொழுகை நேரத்தில் கிணற்றின் மேலிருந்த துண்டு சாய்ந்தது. மதிலுக்கு இரண்டு பக்கமும் நின்ற பிள்ளைகள், ஒருவரை ஒருவர் புதிதாகக் காண்பவர்களைப் போலக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பிறகு கற்குவியலின் மேல் ஏறி ஓடத் தொடங்கினார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. மதில் கற்களைக் கொண்டே கிணற்றுக்குச் சுற்றிவரக் கட்டுக் கட்டினார் இஸ்மாலெப்பை. பழைய குழிகளைத் துப்புரவாக்கி மூடிவிட்டு, தூரத்து மூலையில் நாலு வீட்டுக்கும் பொதுவாக ஒன்று எழுந்தது. குசினிகள் இடம் மாறின. பரீனாவின் பின்னறைச் சுவரை வெட்டி, முற்றத்தைப் பார்த்து அகலமாக ஒரு யன்னல் வைத்தார். டொக்டர் சபைக்கு எழுதினார். முற்றத்தில் இனி யாரும் எதுவும் கட்டுவதில்லை என்று நாலு குடும்பமும் ஒப்புக்கொண்டதன் பேரில் சபை அனுமதித்தது. சான்றிதழ் கொடுக்கப் போன அன்று பின்னறையில் நின்று நானே என் கையை விரித்துப் பார்த்தேன். ரேகை மட்டுமல்ல, நகத்தில் இருந்த மை கூடத் தெரிந்தது.

வேளாண்மை வெட்டு முடிந்து நிக்காஹ் நடந்தது. வேறெங்கும் மண்டபம் பிடிக்கத் தேவையிருக்கவில்லை. சாப்பாடு அந்த முற்றத்தில்தான். பாய் விரித்து, சஹன் என்கிற பெரிய சோற்றுத் தட்டுகளை வைத்து, ஒரு சஹனுக்கு ஆறு பேராகச் சுற்றி உட்கார்ந்தோம். டொக்டர் மரக்கறி மட்டுமே சாப்பிடுபவர் என்பதால் அவருக்கென்று ஜெமீலாவும் றஹீமாவும் புதுச் சட்டியில் தனியாகச் சமைத்திருந்தார்கள். கத்தரிக்காய்ப் பாலாணம் யாருடைய கைப்பக்குவம் என்று இரண்டு பேரும் அவர் முன்னாலேயே வாதாடினார்கள். அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லச் சட்டத்தில் இடமில்லை என்று நழுவிக்கொண்டார்.

அந்த ஒழுங்கையில் இன்றும் திறந்த வெளி என்று இருப்பது பெரும்பாலும் அந்த முற்றம்தான். பெருநாள் காலையில் அயல் பெண்கள் அங்கே பாய் போட்டுத் தொழுகிறார்கள். என் மனைவியும் போவாள். கொழும்பில் எலிக்குப் பயந்து எழுதிய துரைக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

கலியாணம் முடிந்து கொஞ்ச நாளில் இஸ்மாலெப்பை கந்தோருக்கு வந்தார். நானும் டொக்டரும் இருந்தோம். புதுச் சாரனும் சேட்டும் போட்டு, கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தார். வீட்டில் ஏதோ பிரச்சினை என்று நினைத்தேன்.

"என்ன காக்கா, திரும்பவும் கட்டுறீங்களா?"

"இல்ல சேர். எனக்கு ஒண்டும் வேணாம். எங்கட பக்கத்து வளவுக்காரர் இரிக்காரே, அவரும் அவர்ர தம்பியும். ரெண்டு பேரும் நடு மதில உடைக்கப் போறாங்களாம். நீங்களும் டொக்டரும் வந்து ஒருக்காப் பாத்துச் சொல்லணுமாம். உங்களக் கூட்டிக்கிட்டு வரச் சொல்லி என்ன அனுப்பின."

நானும் டொக்டரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எத்தனையோ வீடுகளுக்கு அழையாமல் போயிருக்கிறோம். எங்களைக் கண்டு கதவைச் சாத்தியிருக்கிறார்கள், நாயை அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள், வீட்டில் ஆளில்லை என்று உள்ளேயிருந்தே சொல்லியிருக்கிறார்கள். வந்து பாருங்கள் என்று ஆளனுப்பி அழைத்தது அதுதான் முதல் தடவை.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதிரே இருந்த கடிதங்களை ஒரு பக்கமாகத் தள்ளினார்.

"தேத்தண்ணி தருவாங்களா மேசன்?" என்று கேட்டார்.

"கேத்தல் அடுப்பில இரிக்கி டொக்டர்" என்றார் இஸ்மாலெப்பை.